மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை எதற்கு?
நுரையீரல் ரத்த உயர் அழுத்த மருந்துகளின் பாதுகாப்பு அறியப்படும் முறை

நுரையீரல் ரத்த உயர் அழுத்தத்திற்கு எங்களிடம் சிகிச்சை பெற்று வந்த ஓர் இளம்பெண்ணின் கணவர், சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "மருந்து நன்றாக வேலை செய்கிறது, டாக்டர். நின்று நின்று ஏறிய மாடிப்படியை இப்போது ஒரே மூச்சில் ஏறுகிறாள். அரசாங்கம் அனுமதித்த மருந்துதானே இது? பிறகு எதற்கு மாதா மாதம் கல்லீரல் பரிசோதனை?"

அன்று புறநோயாளிப் பிரிவில் கூட்டம் மிகுதி. "அது வழக்கம்; தவறாமல் செய்துகொள்ளுங்கள்" என்று மட்டும் கூறி அனுப்பிவிட்டோம். அவர்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம். ஒவ்வொரு முறை வரும்போதும் இருவருக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். காரணம் விளங்காத ஒரு வழக்கத்திற்காக யார்தான் தொடர்ந்து அலைவார்கள்? மாத்திரையை மட்டும் உள்ளூரில் வாங்கிக்கொண்டு, நான்கு மாதங்கள் பரிசோதனையின்றிக் கழித்துவிட்டார்கள். அடுத்து அவர் வந்தபோது கண்கள் மஞ்சளித்திருந்தன. எஸ்.ஜி.பி.டி. என்னும் கல்லீரல் நொதி, இயல்பான மேல் எல்லையைப் போல் பத்து மடங்கைத் தாண்டியிருந்தது. மருந்தை உடனே நிறுத்த நேர்ந்தது. கல்லீரல் சில வாரங்களில் சீரடைந்தது. ஆனால் மருந்து நின்ற அந்த இடைவெளியில் வலது இதயம் தளர்ந்து, கால்கள் வீங்கி, அவர் பதினொரு நாட்கள் உள்நோயாளியாக இருக்க வேண்டியதாயிற்று. வேறு மருந்துக்கு மாற்றப்பட்டு இன்று அவர் நலமாக இருக்கிறார்.

அந்தப் பதினொரு நாட்களுக்கான பொறுப்பில் பெரும்பங்கு எங்களுடையது. கேட்ட கேள்விக்கு அன்று நாங்கள் விடை சொல்லவில்லை. அந்த விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

நோயைப் பற்றிச் சில சொற்கள்

கையில் பட்டை கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தம் வேறு, நுரையீரல் ரத்த அழுத்தம் வேறு. இதயத்தின் வலப்பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அந்தப் பாதையில் உள்ள தமனிகளில் அழுத்தம் இயல்பாகவே மிகக் குறைவு. ஓய்வில் இருக்கும்போது அதன் சராசரி சுமார் 14 மில்லிமீட்டர் பாதரச அளவு. இது 20-ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் என்கிறோம். தொடை அல்லது கழுத்துச் சிரையின் வழியே மெல்லிய வடிகுழாயைச் செலுத்தி, வலது இதயத்திலும் நுரையீரல் தமனியிலும் நேரடியாக அளந்தே இதை உறுதிசெய்ய இயலும். எக்கோ பரிசோதனை ஐயத்தை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது.

இந்நோய் ஐந்து பிரிவுகளாகப் பகுக்கப்படுகிறது. நுரையீரலின் சிறு தமனிகளே தடித்துக் குறுகுவது முதற்பிரிவு. இடது இதய நோயால் வருவது இரண்டாவது. நுரையீரல் நோயால் அல்லது உயிர்வளிக் குறைவால் வருவது மூன்றாவது. கரையாமல் தங்கிவிட்ட ரத்தக் கட்டிகளால் வருவது நான்காவது. பிற காரணங்கள் ஐந்தாவது. இந்தப் பகுப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஒரு மருந்து பாதுகாப்பானதா என்னும் கேள்விக்கு விடை, பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது.

மருந்தே நோயைத் தந்த காலம்

நுரையீரல் உயர் அழுத்தத்தின் வரலாற்றில் மருந்துப் பாதுகாப்பு ஒரு பக்கக் குறிப்பு அன்று; அந்த வரலாறு பெரிதும் அதிலிருந்தே தொடங்குகிறது. 1965-ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளில் அமினோரெக்ஸ் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. பசியைக் குறைத்து உடல் எடையைக் குறைக்கும் மருந்து அது. ஓரிரு ஆண்டுகளில் அங்குள்ள மருத்துவர்கள் வழக்கத்திற்கு மாறான ஒன்றைக் கவனித்தார்கள். மிக அரிதாகவே பார்த்து வந்த நுரையீரல் உயர் அழுத்த நோயாளிகள் பல மடங்கு பெருகியிருந்தார்கள். விசாரித்தபோது அவர்களில் பலர் அமினோரெக்ஸ் உட்கொண்டவர்கள் என்பது தெரிந்தது. 1968-இல் ஸ்விட்சர்லாந்தில் அம்மருந்து விலக்கப்பட்டது. இந்த நிகழ்வுக்குப் பின்னரே, 1973-இல் உலக சுகாதார நிறுவனம் ஜெனிவாவில் இந்நோய் குறித்த முதல் வல்லுநர் கூட்டத்தைக் கூட்டியது.

விலங்குகளுக்கு நாள்பட அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோதும் இந்நோயை உண்டாக்க இயலவில்லை. உட்கொண்ட மனிதர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வந்தது. விலங்கில் தோன்றாத தீங்கு மனிதரில் தோன்றலாம். பெரும்பாலோருக்குத் தோன்றாதது சிலருக்குத் தோன்றலாம். அந்தச் சிலரை முதலில் கண்டுகொண்டது சோதனைச் சாலை அன்று. தம் எதிரே அமர்ந்திருந்த நோயாளிகளைக் கவனித்த மருத்துவர்கள்.

பாடம் கற்ற பிறகும் தவறு மீண்டது. ஃபென்ஃபுளூரமின், டெக்ஸ்ஃபென்ஃபுளூரமின் என்னும் வேறு இரு பசியடக்கி மருந்துகள், பின்னர் இதே நோயோடும் இதய வால்வுக் கோளாறோடும் தொடர்புடையவை எனத் தெரிந்து, 1997 செப்டம்பரில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. உடல் இளைக்கும் மாத்திரை, பெயர் தெரியாத பொடி, தெரிந்தவர் கொடுத்த மருந்து எதையும் எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதன் காரணம் இதுவே.

ஒரு மருந்து எவ்வாறு சோதிக்கப்படுகிறது

புதிய மருந்து முதலில் விலங்குகளிலும், பின்னர் முதற்கட்டமாகப் பெரும்பாலும் உடல்நலமுள்ள சிலரிடமும் சோதிக்கப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளுக்குக் கொடுத்து, எந்த அளவு பயன் தருகிறது, எந்த அளவு தாங்க முடிகிறது என்று பார்க்கப்படுகிறது. மூன்றாம் கட்டத்தில் நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரு குழுவுக்குப் புதிய மருந்து. மற்றொரு குழுவுக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது; மருத்துவருக்கும் தெரியாது. இன்றைய ஆய்வுகளில் வெற்று மாத்திரை பெறுபவரும் பொதுவாகத் தம்முடைய பழைய மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்வார். ஆய்வில் சேர்ந்தால் சிகிச்சையின்றி விட்டுவிடுவார்களோ என்று அஞ்சும் குடும்பத்தினர் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

குலுக்கல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், கால் வீக்கம், மயக்கம் ஆகியவை நோயாலும் வரும், மருந்தாலும் வரும். ஒப்பிட மற்றொரு குழு இல்லாவிட்டால், நடந்தது எதன் விளைவு என்று பிரித்தறிய வழியில்லை.

நன்மையும் இவ்வாறே வெளிப்படுகிறது. எப்போப்ரோஸ்டினால் என்னும் மருந்தைச் சோதித்த ஆய்வின் முடிவு 1996-இல் வெளியானது. அதில் பங்கேற்றோர் 81 பேர். காலம் 12 வாரம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 40 பேரில் 8 பேர் இறந்தனர். புதிய மருந்தையும் சேர்த்துப் பெற்ற 41 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. அதற்கு முன்பு இந்நோய்க்கென உறுதியான மருந்து ஏதும் இருக்கவில்லை. இன்று நாம் பெறும் சிகிச்சை, அந்த 81 பேரின் துணிவால் தொடங்கியது என்பதை மறக்கலாகாது.

சிறிய எண்ணிக்கை காட்டாதவை

இப்போது அந்தக் கணவரின் கேள்விக்கு வருகிறோம். இத்தனை கட்டங்களைக் கடந்த மருந்துக்கு மேலும் கண்காணிப்பு எதற்கு?

முதற்பிரிவு நுரையீரல் உயர் அழுத்தம் அரிய நோய். பத்து லட்சம் பேரில் சில பத்துப் பேருக்கே அது காணப்படுகிறது. ஆகவே ஆய்வுகளில் சேர்வோர் எண்ணிக்கை சில நூறு, மிஞ்சினால் ஆயிரத்தை ஒட்டியதாகவே இருக்கும். சர்க்கரை நோய்க்கான மருந்தைப் போல் பல்லாயிரம் பேரிடம் சோதிக்க வழியில்லை.

புள்ளியியலில் ஓர் எளிய கணக்கு உண்டு. 300 பேரிடம் ஒரு தீங்கை ஒருமுறைகூடக் காணவில்லை என்றாலும், அது நூற்றில் ஒருவருக்கு நேரக்கூடியதாக இருக்கலாம் என்பதை மறுத்துவிட முடியாது. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேரும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஏறத்தாழ 3,000 பேரிடம் அது நேராதிருப்பதைக் கண்டிருக்க வேண்டும். 300 பேரிடம் சோதித்த மருந்தைப் பற்றி, "இந்தத் தீங்கு இதுவரை காணப்படவில்லை" என்று சொல்லலாம். "இந்தத் தீங்கு கிடையாது" என்று சொல்லலாகாது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நிரப்புவதே தொடர் கண்காணிப்பு.

போசென்டன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எண்டோதீலின் என்னும் பொருள் ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. போசென்டன் அதன் செயலைத் தடுக்கிறது. 213 பேர் பங்கேற்ற முக்கிய ஆய்வில், ஆறு நிமிடத்தில் நடக்க முடிந்த தூரம், வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட, சராசரியாக 44 மீட்டர் கூடியது. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தை உட்கொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குக் கல்லீரல் நொதிகள் இயல்பு எல்லையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தன. இவ்வளவு பயனுள்ள மருந்தை விலக்கிவிடுவதா, இவ்வளவு பேருக்குத் தீங்கு வரக்கூடியதை அனுமதிப்பதா? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2001-இல் எடுத்த முடிவு: அனுமதிப்பது, ஆனால் மாதந்தோறும் கல்லீரல் பரிசோதனை என்னும் கட்டளையோடு. அந்தப் பரிசோதனையும் மாத்திரையும் ஒன்றாகவே அனுமதி பெற்றவை. பரிசோதனையின்றி மாத்திரையை மட்டும் உட்கொள்வது, எவரும் பாதுகாப்பானது என்று சான்றளிக்காத ஒன்றை உட்கொள்வதாகும்.

நொதி உயர்வு பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில் தோன்றும், பின்னரும் தோன்றலாம். தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இராது. பசி குன்றாது, கண் மஞ்சளிக்காது. ரத்தத்தில் மட்டும் எண் ஏறும். மூன்று மடங்கைத் தாண்டும் நிலையிலேயே கண்டுகொண்டால், மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்தியபின் அளவைக் குறைக்கலாம் அல்லது சிறிது காலம் நிறுத்தலாம். பலருக்குப் பின்னர் அதே மருந்தை மீண்டும் தொடங்கவும் இயலும். எட்டு மடங்கைத் தாண்டிவிட்டால் அம்மருந்தை மீண்டும் கொடுக்க வழியில்லை. எங்கள் நோயாளிக்கு நேர்ந்தது இதுவே. நான்கு மாத இடைவெளி, நல்ல பயன் தந்துகொண்டிருந்த ஒரு மருந்தை அவருக்கு நிரந்தரமாக மூடிவிட்டது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்து சிடாக்சென்டன். ஐரோப்பிய ஒன்றியம் அதை 2006-இல் அனுமதித்தது. கல்லீரலைக் கண்காணிக்கும் விதி அதற்கும் இருந்தது. ஆயினும் உயிரைப் பறிக்கும் கல்லீரல் பாதிப்பு சிலருக்கு நேர்ந்தது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிக் கணிக்க இயலவில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் எல்லோரும் மீளவில்லை. 2010 டிசம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே உலகெங்கிலும் திரும்பப் பெற்றது. மூன்றாவதான ஆம்பிரிசென்டனின் அனுபவம் நேர்மாறானது. தொடக்கத்தில் அதற்கும் மாதாந்தரக் கல்லீரல் பரிசோதனை விதிக்கப்பட்டிருந்தது. பல நோயாளிகளின் முடிவுகள் திரண்டபின் அந்த அச்சம் குறைந்து, 2011-இல் அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. மாதந்தோறும் ரத்தம் கொடுத்தவர்கள் தங்களை மட்டும் காத்துக்கொள்ளவில்லை. பின்னால் வருவோருக்கு ஓர் ஊசிக்குத்தைக் குறைத்தும் தந்தார்கள்.

ஒருவருக்கு மருந்து, மற்றவருக்குத் தீங்கு

"எங்கள் அப்பாவுக்கும் நுரையீரல் பிரஷர்தான், அடுத்த படுக்கையில் இருப்பவருக்குக் கொடுக்கும் மாத்திரையையே அவருக்கும் கொடுக்கக் கூடாதா?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இயல்பான கேள்விதான். இதற்கு விடை தந்தவையும் பாதுகாப்பு ஆய்வுகளே.

ரியோசிகுவாட் என்னும் மருந்து, முதற்பிரிவுக்கும் நான்காம் பிரிவுக்கும் பயன் தரும் என்று நிறுவப்பட்டு 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காரணம் தெரியாத நுரையீரல் நார்த்தடிப்பு நோய்களால் உயர் அழுத்தம் அடைந்தவர்களுக்கும், அதாவது மூன்றாம் பிரிவினர் சிலருக்கும், அது உதவுமா என்று 147 பேரிடம் சோதிக்கப்பட்டது. ஆய்வின் முதன்மைக் கட்டத்தில் மருந்து பெற்றோரில் 8 பேரும், வெற்று மாத்திரை பெற்றோரில் 3 பேரும் இறந்தனர். 2016-இல் அந்த ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஒரே மருந்து, பெயரளவில் ஒரே நோய், விளைவோ வேறு.

முன்னர் நாம் கண்ட எப்போப்ரோஸ்டினாலும் இதற்கு விலக்கன்று. கடுமையான இடது இதயச் செயலிழப்பு உள்ள 471 பேரிடம் அது சோதிக்கப்பட்டபோது, உயிரிழப்பு கூடும் போக்குத் தென்பட்டதால் ஆய்வு நிறுத்தப்பட்டது. ஒரு பிரிவினரின் உயிரைக் காத்த அதே மருந்து, மற்றொரு பிரிவினருக்கு உதவவில்லை. வடிகுழாய்ப் பரிசோதனையும் ஸ்கேன்களும் செய்து எந்தப் பிரிவு என்று உறுதியாகும் வரை நாங்கள் மருந்து தொடங்கத் தயங்குவது காலங்கடத்துவதற்காக அன்று.

உடன் உட்கொள்ளும் மருந்தும் நிலைமையை மாற்றிவிடும். ரத்தப் புற்றுநோய்க்கு நன்கு அறியப்பட்ட இமாட்டினிப் மருந்தை 202 நுரையீரல் உயர் அழுத்த நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2013-இல் வெளியானது. நடக்கும் தூரம் 32 மீட்டர் கூடியது. ஆனால் அந்த ஆய்விலும் அதன் தொடர்ச்சியிலுமாக, இமாட்டினிபோடு ரத்த உறைவுத் தடுப்பு மருந்தையும் உட்கொண்டிருந்த 8 பேருக்கு மூளையின் உறைக்குக் கீழே ரத்தக் கசிவு நேர்ந்தது. அம்மருந்து இந்நோய்க்கு அனுமதி பெறவில்லை. நடந்த தூரத்தை மட்டும் அளந்திருந்தால் அது ஒரு வெற்றிக் கதையாக எழுதப்பட்டிருக்கும்.

ஆய்வின்போது காவல் இருப்பவர்கள்

மேற்கண்ட ஆய்வுகள் நடுவில் நிறுத்தப்பட்டதை வாசிக்கும்போது அச்சம் எழலாம். நாங்கள் அதை வேறு விதமாகவும் பார்க்கிறோம். நிறுத்துவதற்கென்றே அங்கே ஒரு குழு அமர்ந்திருந்தது. பெரிய ஆய்வுகளில் தரவு மற்றும் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு ஒன்று நியமிக்கப்படும். ஆய்வை நடத்தும் மருத்துவர்களோ மருந்து நிறுவனத்தினரோ அதில் இருக்கமாட்டார்கள். யாருக்கு எந்த மாத்திரை என்னும் விவரத்தைத் திறந்து பார்த்து, ஒரு பக்கம் தீங்கு மிகுகிறதா என்று இடையிடையே ஆராய்ந்து, தேவையானால் நிறுத்தும்படி பரிந்துரைப்பது அவர்களுடைய கடமை.

இந்தியாவில் இத்தகைய ஆய்வுகள் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளுக்கு உட்பட்டவை. எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றித் தொடங்கலாகாது. அக்குழுவில் மருத்துவர்களோடு ஒரு சட்ட வல்லுநரும், மருத்துவத் துறை சாராத ஒரு பொதுமனிதரும் இடம்பெற வேண்டும். ஆய்வு, மத்திய அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். கடுமையான தீங்கு எது நேர்ந்தாலும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்திற்குள் அறிவித்தாக வேண்டும். ஆய்வினால் நேர்ந்த பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் நோயாளியின் உரிமை.

உங்களிடம் ஆய்வில் சேருமாறு கேட்கப்பட்டால், கையொப்பமிடும் முன் இவற்றைக் கேளுங்கள்: இம்மருந்து இதுவரை எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டுள்ளது? இதுவரை தெரிந்த தீங்குகள் எவை? என்னுடைய இப்போதைய மருந்துகள் தொடருமா? எத்தனை முறை வரவேண்டும், பயணச் செலவை யார் ஏற்பார்கள்? நள்ளிரவில் உடல்நிலை மோசமானால் யாரை அழைப்பது? ஆய்வு முடிந்தபின் மருந்து கிடைக்குமா? ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பெற்று, வீட்டுக்கு எடுத்துச் சென்று, படித்தவர் ஒருவரோடு அமர்ந்து வாசியுங்கள். மறுத்தாலும், சேர்ந்து பாதியில் விலகினாலும், உங்களுக்கான வழக்கமான சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. அது எங்கள் தயவு அன்று, உங்கள் உரிமை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

மருந்து கடைக்கு வந்த பிறகும் பாதுகாப்புச் சோதனை முடிவதில்லை. அனுமதிக்குப் பின் தொடரும் இந்தக் கட்டத்தில் அதை நடத்துபவர்கள் நோயாளியும் குடும்பத்தினரும்தாம்.

போசென்டன் உட்கொள்பவர்கள் மாதந்தோறும் கல்லீரல் பரிசோதனையையும், நாங்கள் குறித்துத் தரும் நாட்களில் ஹீமோகுளோபின் பரிசோதனையையும் தவறவிடக் கூடாது. சர்க்கரை நோய்க்குக் கிளிபென்கிளமைடு உட்கொள்பவர்களானால் முதலிலேயே சொல்லுங்கள். இவ்விரண்டையும் சேர்த்து உட்கொள்ளலாகாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ரத்தத்தில் போசென்டனின் அளவைக் குறைத்துவிடும். காசநோய் சிகிச்சை தொடங்கினால் அந்த அட்டையை எங்களிடம் காட்டுங்கள்.

போசென்டன், ஆம்பிரிசென்டன், மாசிடென்டன் ஆகியவை கருவில் உள்ள சிசுவுக்குக் கடும் ஊனம் விளைவிக்கக் கூடியவை. கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு மருந்து தொடங்கும் முன்பும், பின்னர் மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனை செய்கிறோம். திருமணமாகாத பெண்ணின் பெற்றோர் இதைக் கேட்டு மனம் வருந்துவதுண்டு. இது ஐயத்தால் எழுந்த பரிசோதனை அன்று. மருந்தின் இயல்பால் எல்லோருக்கும் பொதுவாக விதிக்கப்பட்டது. போசென்டன், கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைக்கும் என்பதால், அம்மாத்திரையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. மேலும், இந்நோயில் கருவுறுதலே தாயின் உயிருக்கு ஆபத்தானது. இதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து எங்களோடு பேசுதல் நலம்.

சில்டெனாஃபில் மாத்திரை ஆண்மைக் குறைவுக்கும் விற்கப்படுவதால், மருந்துக் கடைக்காரர் ஒருமாதிரி பார்க்கிறார் என்று பெண் நோயாளிகள் எங்களிடம் கூறியிருக்கிறார்கள். நோயின் பெயரை எழுதிய எங்கள் சீட்டைக் காட்டுங்கள்; கூச்சத்திற்காக மருந்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மாத்திரையை இதோடு ஒருபோதும் சேர்க்கலாகாது. ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரிந்துவிடும். ரியோசிகுவாட்டோடும் இதைச் சேர்க்கக் கூடாது. நெஞ்சுவலி என்று வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், முதலில் சொல்ல வேண்டியது இம்மாத்திரையின் பெயரையே.

எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நுரையீரல் அழுத்தம் மீண்டும் ஏறி, வலது இதயம் தாங்காமல் போகலாம். பசியின்மை, குமட்டல், சிறுநீர் அடர்மஞ்சளாதல், கண் மஞ்சளித்தல், மயக்கம், திடீர் கால் வீக்கம், நிற்காத மூக்குக் கசிவு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த முறை வரும் வரை காத்திராமல் அன்றே அழையுங்கள். மருந்தின் தீங்கை நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கவும் வழியுண்டு. இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இத்திட்டத்தின் தேசிய மையமாகச் செயல்படுகிறது.

அன்று கேட்ட கேள்வி எங்கள் நடைமுறையையும் மாற்றியது. கல்லீரல் பரிசோதனைக்காக மட்டும் எவரும் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆய்வகத்திலோ ரத்தம் கொடுத்து, முடிவை அன்றே எங்கள் பிரிவுச் செவிலியரின் கைப்பேசிக்குப் படம் எடுத்து அனுப்பினால் போதும். தேதி தவறினால் மூன்றாம் நாள் அவரே உங்களை அழைப்பார். அந்தக் கணவர் இப்போது ஒரு சிறு நோட்டில் மாதங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு முடிவையும் குறித்து வைக்கிறார். சென்ற முறை வந்தபோது அதை எங்களிடம் காட்டினார். அதில் ஒரு மாதமும் விடுபடவில்லை.